கனிவுடன் பரிசீலிக்கும் இயந்திரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைவிடக் குழுக்கள் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் கிளப்பிவிட்டது. இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஜப்பான் கடலைப் பார்த்த மலைச்சரிவில், வருஷத்தில் பாதி நாள் பனிக்குள் புதைந்து கிடக்கிற இடத்துக்கு எந்தப் பிள்ளை படிக்க வரும்? பிள்ளைகள் குறையக் குறைய, ஏன் குறைகிறார்கள் என்று ஆராயக் குழுக்கள் கூடிக்கொண்டே போயின. அந்தக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளை எழுதியே நான் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றேன். மறுவாரமே 'ஆலோசகர்' என்று பெயர் சூட்டி, பாதிச் சம்பளத்தில், அதே நாற்காலியில் திரும்ப உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலிக்கு இன்னும் விஷயம் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில் அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உயர்கல்வி நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவைச் சிந்தித்து ஏற்கவேண்டும் என்று ஒரே வரி. மற்ற பல்கலைக்கழகங்கள் 'செயற்கை நுண்ணறிவு' என்ற இடத்தில் கலங்கின. நாங்கள் 'சிந்தித்து' என்ற இடத்தில் கலங்கினோம். துணைவேந்தர் ஒனிசுகா அன்றைக்கே ஒரு குழுவை அமைத்து, கலைப்புலத் தலைவர் முரோதாவை அதற்குத் தலைவராக்கினார். முரோதா முதல் கூட்டத்தில் எழுந்து பேசியதை நான் ஒரு சொல் விடாமல் குறித்து வைத்தேன்.

"சிந்திச்சு ஏத்துக்கணும்னா முதல்ல சிந்திக்கணும். சிந்திக்கறதுன்னா என்ன? அவசரப்படாம இருக்கறது. அவசரப்படாம இருக்கறதுன்னா? முடிவு எடுக்காம இருக்கறது. நாற்பது வருஷமா நாம ஒரு முடிவும் எடுத்ததில்லை. ஆக, நம்ம அளவுக்குச் சிந்திச்ச பல்கலைக்கழகம் இந்த நாட்டிலேயே கிடையாது!"

கைதட்டல் அடங்குவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

குழுவின் தொழில்நுட்ப வல்லுநர் குரெமாட்சு. பழைய காலத்து வாய்க்கால் தகராறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் விரிவுரையாளர். எங்களில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டோம்.

பாவம், குழுவுக்குப் புதிது. கூட்டம் முடிந்து, கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் பொறித்த முத்திரையைத் தாளில் வைக்கும்போதே மாட்டிக்கொண்டார். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இடது கோடியில் துணைவேந்தரின் முத்திரை கம்பம் மாதிரி நேராக நிற்கும். அதற்கு அடுத்தவர் தம்முடைய முத்திரையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்துவார். அதற்கும் அடுத்தவர் இன்னும் கொஞ்சம். பார்த்தால் பெயர்களெல்லாம் வரிசையாக நின்று துணைவேந்தருக்குத் தலை வணங்குகிற மாதிரி இருக்கும். கண்கொள்ளாக் காட்சி. குரெமாட்சு கடைசிக் கட்டத்தில் தம் முத்திரையை நட்டுக்குத்தலாக வைத்துவிட்டார்.

முரோதா பதறிப்போய்க் கேட்டார். "குரெமாட்சு சார், உங்களுக்குக் கழுத்துல ஏதாவது கோளாறா?"

"இல்லையே சார்?"

"உங்க முத்திரைக்கு?"

தாளை மறுபடி அச்சடித்து, குரெமாட்சுவின் கையைப் பிடித்து, நானே சாய்மானம் சொல்லிக் கொடுத்தேன். வேர்த்துக் கொட்டிவிட்டது அவருக்கு. அந்தச் சூட்டோடு ஒரு கேள்வியும் கேட்டுவைத்தார்.

"சார், சின்ன சந்தேகம். மாணவர்கள் ஏஐ பயன்படுத்தலாமா, கூடாதா? எங்கிட்ட ஒரு பொண்ணு பயன்படுத்தியிருக்கா. பயன்படுத்தினேன்னு ஆய்வேட்டிலயே எழுதியிருக்கா."

எங்கள் குழுவில் ஒருவர் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டார்!

அந்தப் பெண் சிஹோ மினாசே, நாலாம் ஆண்டு. பக்கத்து வீட்டு வாசலில் யார் யார் பனியைத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் எத்தனை தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகிறது என்பதுதான் அவள் ஆய்வு. ஊரெல்லாம் நடந்து, வீடு வீடாகச் சண்டைக்காரர்களிடம் பேட்டி எடுத்தாள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓங்கியவர்களும் உண்டு, சூடாக வேர்க்கிழங்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. பதிவுகளை எழுத்தாக்க ஒரு ஏஐ கருவியிடம் கொடுத்தாள். எங்கள் பக்கத்துக் கிழவர்களின் பேச்சில் அதற்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவளே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினாள். யாரிடம் என்ன உதவி வாங்கினோமோ அதை எழுதிவிடவேண்டும், ஆராய்ச்சிக்கு அதுதான் உயிர் என்று குரெமாட்சு வகுப்பில் சொல்லியிருந்தார். இவளும் எழுதிவிட்டாள். இதே ஏட்டைப் பார்த்துத்தான் நகராட்சியின் பனி அகற்றும் பிரிவில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஏப்ரல் முதல் தேதி சேரவேண்டும். பட்டம் இல்லாவிட்டால் வேலை இல்லை.

"மத்த பசங்க யாரும் பயன்படுத்தலையா?" என்று கேட்டார் முரோதா.

"எல்லாரும்தான் சார் பயன்படுத்தறாங்க. பாதி ஏடு ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு."

"எழுதியிருக்காங்களா, பயன்படுத்தினோம்னு?"

"இல்லை."

"அப்போ பயன்படுத்தலை. எழுதாததை நாம பரிசீலிக்க முடியாது குரெமாட்சு சார். இந்தப் பொண்ணு எழுதிட்டா. இனிமே பரிசீலிக்காம இருக்க முடியாது." முரோதாவின் குரலில் மெய்யான துக்கம் இருந்தது. "நல்ல பொண்ணாத்தான் இருக்கும். ஏன் இப்படிப் பண்ணிச்சு?"

ஒரே போல் எழுதியவர்களெல்லாம் அடுத்த வாரமே தேர்ச்சி பெற்றார்கள். சிஹோவின் ஏடு மட்டும் கனிவுடன் பரிசீலிக்க எடுத்து வைக்கப்பட்டது.

இப்படி ஒரு சிக்கல் வந்ததால்தான் பல்கலைக்கழகமே சொந்தமாக ஒரு இயந்திரம் வாங்கவேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவைக் கேட்பதைவிடச் சிந்தனையான காரியம் வேறு உண்டா? ஆனால் வெளியிலிருந்து வருகிற இயந்திரத்துக்கு எங்கள் மரபு தெரியாதே. எனவே அதற்கு எங்கள் கூட்டக் குறிப்புகள் அத்தனையையும் ஊட்டுவதென்று துணைவேந்தர் சொன்னார். நாற்பது வருஷக் குறிப்புகள். வண்டி வைத்து இறக்கினோம். அத்தனையும் என் நடை.

சோதனை நாளன்று கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் இயந்திரத்தின் மேலிருந்த திரைச்சீலையை விலக்கினார். துணைவேந்தர் எளிமையாகத் தொடங்கலாம் என்று, "ரெண்டும் ரெண்டும் எத்தனை?" என்றார்.

இயந்திரம் சொன்னது: "இது குறித்துப் பல தரப்புக் கருத்துகள் நிலவுகின்றன. நான்கு என்ற கருத்தின் கனத்தை முழுமையாக உணர்ந்து, உரிய நேரத்தில் கனிவுடன் பரிசீலிக்கப்படும்."

இளைஞர் முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கணும்! எங்கயோ தப்பு நடந்திருக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறோம்" என்று இடுப்பு ஒடிய வணங்கினார்.

துணைவேந்தரின் கண்கள் கலங்கியிருந்தன. "தப்பா? தம்பி, இது நம்ம ஆள்!"

என் எழுத்து ஒருநாள் வாயைத் திறந்து பேசும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரே ஒரு குறை முரோதா கண்டுபிடித்தார். பதில் உடனே வந்துவிடுகிறது. உடனே வருகிற பதிலில் சிந்தனை எங்கே இருக்கும்? ஆகவே பதிலுக்கு முன்னால் இயந்திரம் சற்று நேரம் சும்மா இருக்கவும், அதற்கு முன்னால் பதில் சொல்லத் தயங்கும்போது எங்கள் பெரியவர்கள் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார்களே, அந்த 'ஸ்ஸ்ஸ்' என்ற ஓசை வரவும் ஏற்பாடு செய்யச் சொன்னார். ஓசைக்கு மாதிரியாக முரோதாவின் பல்லையே பதிவு செய்தார்கள். அதன்பிறகு இயந்திரம் 'ஸ்ஸ்ஸ்...' என்று தொடங்கினால் அறையில் எல்லோரும் தானாகவே தலை குனிந்தோம்.

அடுத்து, அது எங்கே உட்காருவது? கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் கடைசி ஆள் என்று அர்த்தம். கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? கதவுக்கு எதிரே வைத்தால் அது துணைவேந்தரின் இடம். நாலு கூட்டம் பேசி, அதற்குச் சிறப்பு உதவிப் பேராசிரியர் பதவி கொடுத்து முரோதாவுக்குக் கீழே உட்கார வைத்தோம். பதவி வந்தால் முத்திரை வேண்டும். நல்ல மரத்தில் செதுக்கச் சொன்னோம். அதற்குக் கை இல்லாததால் நானே குத்தினேன், துணைவேந்தர் பக்கமாகப் பணிவாகச் சாய்த்து. குரெமாட்சுவின் இடம் அதற்கு அடுத்தது. அவர் இனிமேல் இயந்திரத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகச் சாயவேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சா பேர் படுத்துடும் சார்" என்றார் என்னிடம்.

"படுக்கட்டுமே. வணக்கம்னா அதுதானே?"

வருஷக் கடைசி விருந்திலும் இயந்திரம் எங்களோடு வந்தது. பதவியில் இளையவர் மூத்தவருக்கு ஊற்றிக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். குரெமாட்சு இயந்திரத்தின் முன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்து, அதன் கோப்பையில் பீரை ஊற்றினார். நுரை வழிந்தது. இயந்திரம் போதும் என்று சொல்லவில்லை. அது சொல்லாததால் அவரால் நிறுத்தவும் முடியவில்லை. புட்டி காலியானபோது மேஜை முழுக்க பீர் ஓடி, முரோதாவின் பொரித்த கோழியில் ஏறியது. "என்ன தாகம் பாருங்க!" என்று துணைவேந்தர் மகிழ்ந்துபோனார்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் பனிக்குள் நின்று குரெமாட்சு என்னிடம் கேட்டார். "ஐயா, நீங்க இத்தனை வருஷம் இருந்தீங்களே. அந்தப் பொண்ணுக்கு என்னதான் ஆகும்?"

"கனிவோட பரிசீலிப்பாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

மார்ச் பிறந்தது. நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. "அந்தப் பொண்ணுக்காகத்தான் இடத்தை வச்சிருக்கோம். ஆனா ஒண்ணாம் தேதி காலையில பட்டம் இல்லாம வந்து நின்னா எங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள். குரெமாட்சு அந்த வார்த்தையைக் குழுவில் சொன்னார். குழு அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ஸ்ஸ்ஸ். கனிவுடன் பரிசீலிக்கப்படும். மறுபடி சொன்னார். மறுபடி ஸ்ஸ்ஸ்.

"இப்ப பாத்தீங்களா, எவ்வளவு நிதானம்!" என்று வியந்தார் முரோதா. "நம்ம யாரையாவது கேட்டிருந்தா இந்நேரம் வாய் தவறி எதையாவது சொல்லியிருப்போம்."

ஒரு மத்தியானம், குழு உறுப்பினர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், குரெமாட்சு இயந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்துவிட்டார். அதை முடுக்குகிற வேலை என்னுடையது என்பதால் நானும் இருந்தேன்.

"தயவுசெஞ்சு ஒரு விஷயம் மட்டும் சொல்லு. அந்தப் பொண்ணு ஏடு பாஸா, ஃபெயிலா?"

ஸ்ஸ்ஸ். கனிவுடன்.

"சரி, அதை விடு." குரெமாட்சு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாய்க்கால் தகராறு படித்தவர் அல்லவா, கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பினார். "இந்தப் பல்கலைக்கழகத்துல இதுவரைக்கும் ஏதாவது ஒரு பிரச்சினை தீர்ந்திருக்கா? தீர்ந்திருந்தா எப்படித் தீர்ந்துச்சு?"

இயந்திரம் பல்லை உறிஞ்சவில்லை. நேராகச் சொன்னது:

"தீர்ந்திருக்கிறது. எல்லா முறையும் ஒரே வழியில்தான். பிரச்சினையைச் சொன்னவர் அதைச் சொல்லவில்லை என்று ஆக்கிக்கொண்டார்."

நான் எழுதிய அத்தனை பக்கங்களிலும் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது. மொத்தத்தையும் விழுங்கிவிட்டு அது சாரத்தை மட்டும் பிழிந்து கொடுத்துவிட்டது. குரெமாட்சு இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே கூரையிலிருந்து சரிந்து விழுந்த பனியைப் பார்த்தார்.

விஷயம் முரோதாவின் காதுக்குப் போனபோது அவர் பிரகாசமாகிவிட்டார்.

"பிரமாதம்! பாருங்க, இயந்திரம் எதையும் அழிக்கச் சொல்லலை. நானும் சொல்லலை. குழுவும் சொல்லாது. அப்படிச் சொன்னா அது அறிவு நேர்மைக்கு விரோதம். ஆனா அந்தப் பொண்ணே தன் மனசார ஒரு வரியை எடுத்துட்டா, நம்ம முன்னால பரிசீலிக்க ஒண்ணுமே இருக்காது. இல்லாததை எப்படி நிறுத்தி வைக்க முடியும்?" கொஞ்சம் தணிந்து சொன்னார். "ஆசிரியர்ங்கற முறையில நீங்க அவகிட்ட சாதாரணமாப் பேசிட்டிருக்கும்போது... அதுவா வந்து விழற மாதிரி..."

"நான்தான் சார் அந்த வரியை எழுதச் சொன்னேன்."

"அதனாலதான் நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்." பிறகு ஞாபகம் வந்தவர் போல, "ஆமா, உங்க ஒப்பந்தம் கூட இந்த மாசம்தான் வருது, இல்ல? அதுவும் இயந்திரத்துகிட்டதான் இருக்கு. கனிவோட பரிசீலிச்சிட்டிருக்கு" என்றார்.

மறுநாள் மாணவர் உணவகத்தில் சிஹோவும் குரெமாட்சுவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் நான் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உறிஞ்சுவதை நிறுத்திவிட்டேன். சத்தத்தில் அவர்கள் பேச்சு கேட்கவில்லை.

"என்ன சார், பத்து நிமிஷமா கறிச்சோத்தையே கிண்டிட்டிருக்கீங்க?" என்றாள் சிஹோ. "ஏதோ சொல்ல வந்திருக்கீங்க. முகத்துலயே ஒட்டியிருக்கு."

"அந்த வரி..." என்றார் குரெமாட்சு.

"எந்த வரி?"

"பேட்டிகளை எழுத்தாக்க ஏஐ பயன்படுத்தினேன்னு ஒரு வரி."

"அது நீங்க எழுதச் சொன்னது சார். அதுக்கு அடுத்த வரியும் இருக்கு. தப்பை எல்லாம் நானே கேட்டுத் திருத்தினேன்னு. அதுதான் எனக்குப் பெருமை. அந்தக் கிழவர் ஒருத்தர் பேச்சை ராத்திரி பகலா கேட்டேன், தெரியுமா? தூக்கத்துல அவர் குரல்லயே திட்டிட்டு இருந்தேனாம், அம்மா சொன்னாங்க."

"தெரியும்."

"அப்ப அழிக்கணுமா?"

குரெமாட்சு மறுபடி சோற்றைக் கிண்டினார்.

"அழிக்கணும்னா அழிச்சிடறேன் சார். எனக்கு வேலை வேணும். பனி பெஞ்சா ஊர்ல யாரும் யார்கிட்டயும் பேசாம போறாங்க, அதுக்கு ஏதாவது பண்ணணும்னு எனக்கு நிஜமாவே ஆசை." கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு. எழுதச் சொன்ன வாயாலயே அழிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அழிக்காதேன்னு சொல்லுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி, கேட்டுக்கறேன். நீங்க சொல்லணும்."

இரண்டே சொற்கள். அழி, அழிக்காதே. நான் கிண்ணத்துக்கு மேலே குனிந்தபடி காத்திருந்தேன். இவர் எதையாவது ஒன்றைச் சொல்லிவிடுவார் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நம்பினேன்.

குரெமாட்சு வாயைத் திறந்தார். பல்லிடுக்கில் காற்று போயிற்று.

"ஸ்ஸ்ஸ்... அதை வந்து... கனிவோட பரிசீலிக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. கையைக் கொண்டுபோய் வாயை மூடிக்கொண்டார். சிஹோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுபோயிற்று.

"புரிஞ்சுது சார்" என்று எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு, முறைப்படி வணங்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் திருத்திய ஏடு வந்தது. இரண்டு வரி குறைவு. இல்லாத பிரச்சினையை எங்கள் குழு ஒரே பிற்பகலில் தீர்த்தது. பல்கலைக்கழக வரலாற்றில் அப்படி ஒரு வேகம் கிடையாது. 'எங்கள் மாணவர்களில் ஒருவர்கூடச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகப் பதிவு இல்லை; சிந்தித்து ஏற்றதன் பலன்' என்று அமைச்சகத்துக்கு அறிக்கை போயிற்று. பாராட்டுக் கடிதம் வந்தது. இயந்திரத்துக்குப் பதவி உயர்வு. குரெமாட்சுவுக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம்.

பட்டமளிப்பு நாளன்று சிஹோ அலுவலகத்துக்கு வந்தாள். நீலத்தில் பாவாடை, அதற்குக் கீழே பனிக்கான காலணி. பட்டச் சான்றிதழை வாங்கிக்கொண்டதற்கு அவள் முத்திரை வைக்கவேண்டும். துணைவேந்தர், முரோதா, இயந்திரம், குரெமாட்சு என்று எல்லோருடைய முத்திரையும் வரிசையாக ஏற்கெனவே இருந்தது. கடைசிக் கட்டம் அவளுடையது. முரோதா வாழ்த்துச் சொல்லப் பக்கத்தில் நின்றார். குரெமாட்சு கதவோரமாக நின்றார்.

பையிலிருந்து மலிவான பிளாஸ்டிக் முத்திரை ஒன்றை எடுத்தாள். வாயால் ஊதிச் சூடாக்கினாள். சிவப்பு மையில் ஒற்றி, தாளில் வைத்து, மெதுவாக அழுத்தி எடுத்தாள்.

நேராக நின்றது. துணைவேந்தருடையதைக் காட்டிலும் நேராக.

"ஐயையோ, சாய்க்கணும்மா!" என்று பதறினார் முரோதா. "நீ கடைசிக் கட்டம். எல்லாரைவிடவும் அதிகமாச் சாயணும்."

"அப்படியா சார்?" சிஹோ மரியாதையாகத்தான் கேட்டாள். "எங்கயாவது எழுதியிருக்கா?"

முரோதா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அவள் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கதவோரம் நின்றவரைத் தாண்டி வெளியே போனாள்.

மை உலரட்டும் என்று நான் தாளை மேஜையில் விரித்து வைத்தேன். குரெமாட்சு வந்து அதன்மேல் குனிந்தார். கடைசிக் கட்டத்தில் மினாசே என்ற பெயர் ஆணி அடித்தது போல் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அவருடைய பெயர், நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே, நெற்றி தரையில் படுகிற மாதிரி.

அதைப் படிக்க அவர் கழுத்தைச் சாய்க்கவேண்டியிருந்தது.